கோழிப்படம்

சென்னையிலிருந்து புதுப்பதிப்பு வந்திருக்கிறது.
மினுங்கும் அட்டை, இரண்டு இறுவட்டு,
முந்தி வெட்டின காட்சிகள் பதினொரு நிமிடம்,
இயக்குநர் கதிரையில் இருந்து கதைக்கிற பகுதி வேறு.
ஆறு எடுத்தேன். மூன்று விற்றது.
அதில் ஒன்று அடுத்த நாளே திரும்பி வந்தது:
"அண்ணை, இது பிழையான படம்.
சாமத்தியவீட்டைக் காணேல்லை."

அட்டையில் உள்ள பெயரை
மல்லாவியில் ஒருவரும் சொன்னதில்லை.
எங்களுக்கு அது கோழிப்படம்.
மாப்பிள்ளை வீட்டார் படலைக்கு வந்த பிறகும்
விருந்துக்குரிய கோழி பிடிபடாத படம்.
தியேட்டரில் நாலு நாளும் ஓடவில்லையாம்.
இங்கே தொண்ணூற்றெட்டில்
மண்ணெண்ணெய் குடித்து இருமுகிற ஜெனரேற்றரோடு
தலைக்கு ஐந்து ரூபா வாங்கி
ஒரே கொட்டிலில் பதினேழு தரம் ஓட்டினேன்.
பங்கருக்குள் இருந்துகொண்டும் சனம்
கோழியின் வசனத்தைச் சொல்லிச் சிரிக்கும்.
கோழிக்கு வசனமே இல்லை.

பாதை திறந்ததும் நாலு டெக் வாங்கினேன்.
இரண்டில் படம் கொப்பியாகும்,
இரண்டில் ஊராரின் வைபவங்கள்.
ஒரு வெள்ளி இரவு ஜெனரேற்றர் நின்றது.
இருட்டுக்குள் கழற்றிக் கொழுவினதில்
மஞ்சள் வயர் மட்டும் மாறிவிட்டது.
நான் காணும்போது நாற்பது வினாடி போயிருந்தது.

முப்பத்தொன்பதாம் நிமிடம்,
கோழி வேலி பாய்கிற இடத்தில்,
யோகபுரத்துத் தவநிதி வீட்டுப் பந்தல் வரும்.
சத்தம் கோழியினது. படம் சாமத்தியவீடு.
ஆலாத்தித் தட்டோடு ஒரு மாமி நடப்பா,
கொக்கொக்கென்று கேட்கும்.
சோடாப் போத்தலோடு ஒரு பெடியன்
கமராவுக்குக் கண்ணடிப்பான்.
முழுப்படத்திலும் சனம் கூடச் சிரித்தது அவனுக்குத்தான்.
ஆர் நடிகர் என்று கேட்டவைக்கு
புதுமுகம் என்று சொன்னேன்.

தவநிதி வீட்டுக் கசெற்றிலோ
நாதஸ்வரம் முழங்க ஒரு கோழி ஓடியது.
தகப்பன் சைக்கிளால் இறங்காமலே ஏசினார்.
பாதிக்காசுதான் தந்தார்.
பிறகு, வருகிற சொந்தக்காரருக்கெல்லாம்
அந்த இடத்தை மட்டும்
திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினாராம்.

இருநூற்றுப் பன்னிரண்டு கொப்பி.
கொப்பிகளின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதினேன்.
எடுக்க எடுக்க நிறம் வெளிறியது,
கோழி சிவப்பா கறுப்பா என்று பந்தயம் பிடித்தார்கள்.

பிறகு லாண்ட்மாஸ்ரரில் ஏற்றினேன் எல்லாவற்றையும்.
விசுவமடுவில் பாதி. தேவிபுரத்தில் மிச்சம்.
அதற்கங்கால் நான் கணக்கு எழுதவில்லை.

திரும்பி வந்து கடை போட்ட வருடம்
வவுனியாவில் ஒரு சலூன்காரர்
இறுவட்டாக்கி வைத்திருந்த என் கொப்பி கிடைத்தது.
பந்தல் அப்படியே இருந்தது.
நூற்றைம்பது ரூபா போட்டு விற்கத் தொடங்கினேன்.

போன மாதம் ஒரு பொம்பிளை,
கையில் வங்கிப் புத்தகம், நேரமில்லாத முகம்.
"முப்பத்தொன்பதாம் நிமிசத்தைப் போடுங்கோ."
போட்டேன்.
அவ கண்ணடிக்கிறவனைப் பார்க்கவில்லை.
பின்னால், வாங்கில் ஏறி நின்று
ரியூப்லைற்றைத் தட்டுகிற ஒருவரைப் பார்த்தா.
அப்போதுதான் எனக்கு விளங்கியது இது ஆரென்று.
வீட்டுக் கசெற்றைக் கேட்கவில்லை.
கேட்கிற கேள்வியல்ல அது, எங்கள் பக்கத்தில்.

"திருப்பிப் போடுங்கோ."
மூன்றாம் தரம், திரைக்குக் கிட்டப் போய்,
"அப்பா என்னவோ சொல்லுறார்" என்றா.
அவர் வாய் அசைந்தது.
கொக்கொக்கென்று கேட்டது.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நாக்கைக் கடிக்கமுதல்
அவவும் சிரித்துவிட்டா, கண்ணாடியைக் கழற்றி,
மூக்கைத் துடைத்து, திரும்பவும்.

பந்தல் போய் வேலி வந்தது.
வட்டை எடுத்து உறையில் போடக் கை நீட்டினேன்.
"நிப்பாட்டாதேங்கோ" என்றா,
ஸ்ரூலை இழுத்துப் போட்டுக்கொண்டு,
"கோழி பிடிபடுதோ பாப்பம்."