ஜனவரி 31 + ஒரு மாதம்

காரைக்குடி செக்காலை ரோட்டில்
நகைக்கடன் கடைக்கு மேல்மாடி.
எனக்கு ஒரு மேசை, ஒரு திரை, பாதி வேலை செய்யும் ஏசி.
அடகுச் சீட்டுகள் எக்ஸ்எம்எல்லாகி
குறிக்குள் குறி, அதற்குள் குறியாக வந்து சேரும்.
எக்ஸ்கொயரியில் நான் கேட்பது ஒன்றே ஒன்று:
யாருடைய கெடு முடிந்துவிட்டது?

பி-ஒன்று-எம் என்று எழுதினால் ஒரு மாதம்.
நடுவில் ஒரு டி விழுந்தால்
அதே எம் ஒரு நிமிடம்.
ஒரு தடவை விழுந்தது.
கடை மொத்தமும் ஏலத்துக்கு வந்து நின்றது.
மேனேஜர் வயிரவன் சிரிக்கவில்லை.

மாதக் கணக்கும் நாள் கணக்கும்
ஒரே கோயில் பங்காளிகள். சம்பந்தம் கிடையாது.
தேதியிலிருந்து தேதியைக் கழித்துப் பார்,
நாள்தான் கிடைக்கும். மாதம் கிடைக்காது.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.

பாக்கியமேரி, புதுவயல் அரிசி ஆலை.
தோடு ஒரு ஜோடி, ஆறு கிராம்.
ஜனவரி முப்பத்தொன்றில் கெடு முடிந்து
இரண்டு மாத அவகாசம்.
மார்ச் முப்பதில் வந்தார்,
சம்பளக் கவரைப் பிரிக்காமலே.
நேற்றே ஏலம் போயிற்று என்றது கவுண்டர்.
சத்தம் போடவில்லை. சீட்டை விரித்தார்:
"இன்னும் ஒரு நாள் இருக்கே."

சீட்டு மாடிக்கு வந்தது.

நான் ஒவ்வொரு மாதமாகக் கூட்டியிருந்தேன்.
முப்பத்தொன்றோடு ஒரு மாதம்:
பிப்ரவரியில் அந்தத் தேதி இல்லை, இருபத்தெட்டில் நிற்கும்.
நியாயம்தான்.
அதோடு இன்னொரு மாதம்: மார்ச் இருபத்தெட்டு.
இறங்கியது திரும்ப ஏறவில்லை.
இரண்டையும் ஒரே எட்டில் வைத்திருந்தால்
மார்ச் முப்பத்தொன்று.

பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.
வராது. இரண்டுமே சரியான விடை.
பிப்ரவரி வழியே நடந்தவர்களிடம் மட்டும்
மூன்று நாள் பிடித்துக்கொண்டிருக்கிறது,
சுங்கச்சாவடி போல.

பி-இரண்டு-எம் என்று திருத்தினேன்.
ஒரு கூட்டல் குறி போயிற்று, அவ்வளவுதான்.
பிறகு, யாரும் கேட்காமல்,
பழைய சீட்டுகள் மேல் இரண்டு கணக்கையும் ஓட்டினேன்.
பதினேழு பேர்.
வயிரவன் திரையைப் பார்த்தார்.
அச்செடுக்கச் சொல்லவில்லை.
எடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

தாளோடு இறங்கினேன்.
பாக்கியமேரி இன்னும் பெஞ்சில்தான் இருந்தார்,
காதில் வேப்பங்குச்சி.
"நான் எப்ப வரட்டும், தம்பி?"

ஒரு தேதி சொல்ல வேண்டும்.
வாய் வரவில்லை எனக்கு.