பின்னோக்கி வாருதல்

எங்கள் ஊர்க் கல்லறையில் புல் இல்லை.
பைன் மரங்களுக்கு அடியில்
சலித்துப் பரப்பிய மாதிரி வெள்ளை மணல்.
ஜூலை இரண்டாம் சனிக்கிழமை
பாதிரியாரும் பித்தளை வாத்தியக்காரர்களும் வருமுன்
அவரவர் வீட்டு இறந்தவர்களின் மணலை
அவரவர் வாரிவிட வேண்டும்.

மரப்பல் வைத்த நீளக் கோல்.
அதை இழுத்தபடி பின்னோக்கி நடக்க வேண்டும்.
நம் காலடியை நாமே வாரி அழித்துக்கொண்டு
வாசல் வழியே வெளியேறிவிட வேண்டும்.
தடம் விட்டுப் போனவர்களை
லாத்வியாவில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை.
பேருந்து நிறுத்தத்தில் சொல்வார்கள்,
அடுத்த ஜூலை வரைக்கும்.

நான் அயர்லாந்துக் காளான் கொட்டகையில்
ஒரு வார விடுப்பு வாங்கி வந்திருந்தேன்.
இல்க்வார்ஸ் எனக்கு முன்பே வந்துவிட்டான்.
அண்ணன்தான். நாலு வருடமாக
முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
அப்பாவின் பிர்ச் காட்டை, ஆறு ஹெக்டேர்,
என்னைக் கேட்காமல் மர வியாபாரிக்கு விற்றான்.
என் பங்கை வங்கியில் போட்டான்.
திருப்பி அனுப்பினேன். மறுபடி போட்டான். மறுபடி அனுப்பினேன்.
ஒவ்வொரு முறையும் இரண்டு வங்கிகளும் கட்டணம் பிடித்துக்கொண்டன.
வெட்டி முடித்த பிறகும்
காடு அப்படித் தேய்ந்துகொண்டே இருந்தது.

வேலையைப் பிரித்துக்கொள்ளப் பேச்சு தேவைப்படவில்லை.
அவன் அப்பா பக்கம். நான் அம்மா பக்கம்.
உதிர்ந்த ஊசியிலைகளைப் பொறுக்கினேன்.
ஆஸ்ட்ரா என்ற எழுத்துகளுக்குள் ஏறியிருந்த பாசியைப்
பழைய பல்துலக்கியால் தேய்த்தேன்.
மூன்று பெகோனியாச் செடிகள் நட்டேன்.
அவன் வாங்கி வந்ததும் பெகோனியா, அதே சிவப்பு.
இரண்டு பேருமே கவனிக்காத மாதிரி இருந்துகொண்டோம்.
பிறகு மணல்.
அம்மாவின் தலைமாட்டிலிருந்து தொடங்கினேன்.
சிக்கு எடுக்கிற கைதான் இதற்கும்,
வேரில் பல் மாட்டினால்
நிறுத்தி, விடுவித்து, மெதுவாக.

முதுகில் ஏதோ முட்டியது.

முகம் கொடுக்காதவர்கள்
முதுகோடு முதுகாக நின்றிருந்தோம்,
நடுவில், பதினோரு நாள் மட்டும் இருந்து
பெயர் வைக்குமுன் போய்விட்ட
தம்பியின் சின்னக் கல்லுக்குப் பக்கத்தில்.
சுற்றிலும் கோடு கோடாக வாரிய மணல்.
வாசலுக்கு ஆறேழு எட்டு வைக்க வேண்டும்.
ஒரு வார்த்தை பேசியிருந்தால்
யார் எந்தப் பக்கம் முடிப்பது என்று தெரிந்திருக்கும்.

அடுத்த வேலிக்குள் மிர்ட்ஸா
தன் கணவருக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.
"ஹெலிகாப்டர் வரச்சொல்லவா, ஸிக்ரீதா?"

மேட்டில் மணி அடித்தது.
அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.
நாலு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவன் சொன்னது:
"நான் வைக்கிற இடத்திலேயே காலை வை."
வைத்தேன். அவன் தடத்துக்குள்
என் செருப்பு தாராளமாக அடங்கியது.
குனிந்தே நடந்ததால்தான் தெரிந்தது,
அவன் போட்டிருந்தது அப்பாவின் பூட்ஸ்.
இடது குதிகாலில் சைக்கிள் டியூப் வைத்து ஒட்டியது.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தோம்.
ஒரே ஆள் நடந்த மாதிரி இருந்தது,
உள்ளேயிருந்து வெளியே மட்டும்.
மிர்ட்ஸா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"வீலிஸ் எழுந்து எங்கேயோ போயிருக்கிறார்."
இல்க்வார்ஸ் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தேன்,
இந்த வருடம் போனவர்களின் பெயர்களைப்
பாதிரியார் வாசித்துக்கொண்டிருந்தபோது,
சிரிக்கவே கூடாத இடத்தில்.

காட்டைப் பற்றி இன்னும் பேசவில்லை.
பணம் இப்போதைக்கு அவன் கணக்கில் இருக்கிறது.
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினான்.
ஒரே மூடிதான்; அவன் காத்திருந்தான்.
தடத்தை அழிக்க நேரம் இருந்தது.
வாரிகள் இரண்டும் வேலியில் சாய்ந்தே கிடந்தன.

இந்த வருடம் பேருந்து நிறுத்தத்தில்
எங்களைத்தான் பேசுவார்கள்.
என்ன சொன்னார்கள் என்று
கேட்டு எழுதுவதாக
இல்க்வார்ஸ் சொல்லியிருக்கிறான்.