செங்கீரை

பதினெட்டு வருடமாகக் காற்றாலை இறக்கைகளை
உப்புத்தாளால் தேய்க்கிறவள் டோர்தே.
எண்பது மீட்டர் நீளம், வெள்ளை வெளேரென்று.
ஆலைக்கூடத்துக்குள் காற்றே கிடையாது.
தூசு உறிஞ்சும் குழாயின் இரைச்சல்தான்.

கூட வேலை பார்க்கும் எப்பே
இடுப்புப் பிசகியதும் விற்றுத் தீர்த்த சாமான்:
ஐந்து சதுர மீட்டரில் ஒரு மஞ்சள் விங்,
கதவு அகலத்தில் ஒரு போர்டு,
அதன் அடிவயிற்றில் முடுக்க ஒரு ஃபாயில்,
தண்ணீருக்குள் மட்டும் பறக்கத் தெரிந்த கரும்பறவை.
ஏழாயிரம் குரோனர். பம்பு இலவசம்.

முதல் நாள் தண்ணீரில் இறங்கவே இல்லை.
ரிங்கோபிங் ஃபியோர்டின் வடகரைப் புல்லில்
விங்கை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றாள்.
காற்று அதன் காதைப் பிடித்துத் திருகியது.
கவிழ்ந்தது, நிமிர்த்தினாள், கவிழ்ந்தது.
முன்கை தளர்த்து, பின்கை இழு.
எப்பே தந்த துண்டுச்சீட்டில் இவ்வளவுதான்,
மீதி மீன்கடைக் கணக்கு.
இருட்டுவதற்குள் ஒன்று பிடிபட்டது:
இறுக்கினால் சண்டைக்கு வருகிறது.
விட்டுப் பிடித்தால்
தோளில் தலை சாய்த்துத் தூங்குகிறது.

இரண்டாம் நாள் மேல்காற்று, பதினான்கு நாட்.
ஃபியோர்டோ ஒரு தாம்பாளம்.
அரை கிலோமீட்டர் நடந்தும்
முழங்கால் நனைந்ததோடு சரி.
ஃபாயில் தரை தட்டாத ஆழம் வரும்வரை
கால் மேலே நீட்டிய மேசையைப்போல்
போர்டைக் கவிழ்த்தே இழுத்துப் போனாள்.
பிறகு ஏறினாள்.

ஒரு கால் மடக்கி, கை ஊன்றி,
தலை நிமிர்த்தி ஆடும் ஐந்து மாதக் குழந்தைக்குத்
தமிழில் ஒரு பருவம் உண்டு, செங்கீரை.
அதை ஐம்பத்தொரு வயதில்
திருப்பித் தருவார்கள் என்று
யாரும் பாடி வைக்கவில்லை.

விழுந்தாள்.
போர்டு பின்னால் போனது, வாய் முன்னால்.
விழுந்தாள், ஃபாயிலை விட்டு எட்ட,
தட்டையாக, மல்லாக்க.
கத்திக்குப் பக்கத்தில் குதிப்பவரை
ஹெல்மெட் ஒருமுறைதான் மன்னிக்கும்.
விழுந்தாள்.
பதினேழுக்கு மேல் எண்ணுவதை அவள் விட்டாள்,
மூக்கில் ஏறிய தண்ணீர் எண்ணிக்கொண்டது.

ஒருமுறை நின்றும்விட்டாள்.
நின்ற மயக்கத்தில்
திரும்பக் கற்கவில்லை என்பது மறந்துபோனது.
காற்று போன வழியே போய்
கிரெஸ்டனின் ஆட்டுப்பட்டிக்குக் கீழே
நாணலில் ஒதுங்கினாள்.
வேலியோரம் நின்றவர் கேட்டார்:
"எங்கிருந்து?"
"என் காரிலிருந்து."
இரண்டு கிலோமீட்டர், எதிர்காற்றில் நடை.
ஆடுகள் கொஞ்ச தூரம் கூட வந்தன,
அலுத்துப்போய்ப் புல்லுக்குத் திரும்பின.

திங்கட்கிழமை, கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல்
ஆலைக்கூடத்தில் நின்றவள்
இறக்கையின் வளைவில் உள்ளங்கையை வைத்தாள்.
தடித்த முன்விளிம்பு, மெலிந்த பின்விளிம்பு.
ஃபாயிலுக்கும் இதே வயிறு.
இத்தனை வருடம் வழவழப்பாக்கியவள்
எதற்கு இந்த வளைவு என்று
ஒரு நாளும் கேட்டதில்லை.
மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.
தேய்க்கத் தொடங்கினாள்.

ஒன்பதாவது முறை, செப்டம்பர் கடைசி.
மண்டியிட்டாள், எழுந்தாள்,
இரண்டு தரம் விங்கை உந்தினாள்.
போர்டுக்கு அடியில் படபடவென்று
பேசிக்கொண்டே வந்த தண்ணீர்
சட்டென்று வாயை மூடியது.
கூடத்தில் மின்சாரம் போனதுபோல் ஒரு நிசப்தம்.
ஒரு முழம் கீழே ஃபியோர்டு
தனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை என்று
நழுவிக்கொண்டிருந்தது.
எதுவோ உடைந்துவிட்டது என்று
குனிந்து பார்த்தாள்.

பார்த்ததுதான் தப்பு.

மேலே வந்தபோது
இடது காலணி சேற்றோடு போயிருந்தது.
சுற்றுமுற்றும் பார்த்தாள்.
சாட்சிக்கு ஒரு நீர்க்காகம்,
அதுவும் மீனை விழுங்கிக்கொண்டிருந்தது.

நாலு நொடி இருக்கும்.
எப்பேயிடம் ஆறு என்று
சொல்லப்போகிறாள்.