நாற்பத்தொரு மில்லி

நாற்காலிகளில் தகராறு இல்லை.
படகு அவளுக்கு. கோடைக் குடிலும்
அதன் கூரைக் கடனும் அவளுக்கே.
மாவு பிசையும் எந்திரம் அவனுக்கு.
பூனை தானே முடிவெடுத்து
கீழ்வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

மிச்சம் ஒன்று:
குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே
சதுரத் தோள் கொண்ட ஒரு புட்டி.
"அது என்னுடையது"
என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.
முப்பத்திரண்டு வருடத்தில்
சேர்ந்து சொன்ன வாக்கியங்கள்
அவர்களுக்கு மிகக் குறைவு.

ஐலாவுக்குப் பனி உடைக்கும் கப்பலில் வேலை,
அதன் அடிவயிற்றில். நகக்கண்ணில் டீசல்.
தோர்ஸ்தி பள்ளிக்கூடச் சமையற்காரன்.
வியாழன்தோறும் முந்நூறு பிள்ளைகளுக்குப்
பட்டாணி சூப்.

ஸ்டாக்ஹோம் போகும் கப்பல் கடையில் வாங்கியது.
"யாருக்கு?" என்றாள் விற்பவள்.
"ஆண்களுக்கு அந்த அலமாரி,
பெண்களுக்கு இந்தப் பக்கம்."
இதுவோ இரண்டிலும் சேராமல்
விலைச்சீட்டைத் தொலைத்துவிட்டு
சாக்லெட் பெட்டிகளோடு நின்றிருந்தது.
இரண்டு மணிக்கட்டுகள் நீண்டன.
ஒன்றில் சுட்ட தழும்பு.
மற்றதிலும்.
எஞ்சின் ஒன்று, அடுப்பு ஒன்று.
எது எதுவென்று அவள் கேட்கவில்லை.

முதலில் ஜூனிப்பர் காய், பல்லில் கடித்தாற்போல.
பிறகு சேஜ் இலை,
கற்பூரத்துக்குத் தூரத்துப் பங்காளி.
அப்புறம் தேவதாரு:
புதிதாய்ச் சீவிய பென்சில்,
சீவிய விரலின் சூடு.
எல்லாம் போன பின், இரவு வெகுநேரம் கழித்து,
மண்ணுக்குள்ளிருந்து ஒரு வேர்.
பெட்டியில் அதன் பெயர்
வெட்டிவேர் என்றே இருந்தது,
லத்தீன் எழுத்தில், கொஞ்சம் காது அறுந்து.
எந்த மொழிச் சொல் என்று
இருவருக்கும் தெரியாது.
தெரியாததால் மணம் குறையவும் இல்லை.

என் சங்கடம் வேறு.
ஃபின்னிஷ் மொழியில்
அவனும் அவளும் ஒரே சொல்: ஹான்.
கதவைத் திறந்தது ஹான்,
குளித்தது ஹான்,
தலையணையில் வாசம் விட்டுப்போனது ஹான்.
என் தமிழோ
வினையின் வாலைப் பிடித்துத் தூக்கி
ஆனா ஆளா என்று பார்க்காமல் விடாது.
மணந்தான் என்றால் கல்யாணம்.
மணந்தாள் என்றாலும் கல்யாணம்.
மணந்தது என்று எழுதினால்தான்
வாசனை வருகிறது.

பூனைக்கு மருந்து புகட்டிய சிரிஞ்சால்
சமையல் மேசையில் அளந்தார்கள்.
நாற்பத்தொரு மில்லி.
இருபது, இருமல் மருந்துச் சீசாவில்.
இருபது, பழைய புட்டியிலேயே.
மிச்ச ஒன்றை யார் எடுப்பது என்று
நீ நீ என்று தள்ளியதில்
கவிழ்ந்தது,
விவாகரத்து மனுவின் மேல்,
இரண்டு கையெழுத்துக்கும் நடுவில்.

மாவட்ட நீதிமன்றத்தில் குமாஸ்தா
உறையைப் பிரித்துவிட்டு
சன்னலைப் பார்த்தார்.
பிறகு தாளை மூக்கருகே கொண்டுபோனார்.
பூசியிருந்தது கணவனா, மனைவியா?
மதியம் வரை அவருக்கு வேலை ஓடவில்லை.
விதிப்படி முத்திரை குத்தினார்:
யோசிக்க ஆறு மாதம்.

தோர்ஸ்தி சிக்கனமாகப் பூசினான்.
சூப்பின் ஆவியில் அது
காட்டுக்குள் அடுப்பு மூட்டியதுபோல் ஆனது.
"மழையில் நனைந்த மரம் மாதிரி இருக்கிறீர்கள்"
என்றது இரண்டாம் வகுப்பு.
ஐலா, இயந்திர அறைக்கு இறங்குமுன்
காதுக்குப் பின்னால் ஒரு தொடுகை.
டீசலுக்கு அது அடங்கவில்லை.
"யாரோ பலகை அறுக்கிறார்கள்"
என்று தேடினான் புதிதாய் வந்த பையன்.

ஐந்தாம் மாதம்,
போத்னியா வளைகுடாவிலிருந்து அழைத்தாள்.
அந்த ஊர்ப் பேச்சில்
மனிதரையும் 'அது' என்பார்கள்,
மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.
"அது எப்படி இருக்கிறது?" என்றாள்.
பூனையா, புட்டியா,
அல்லது அவனையேதான் கேட்கிறாளா.
தோர்ஸ்தி கரண்டியைக் கீழே வைத்தான்.
"கொஞ்சம்தான் பாக்கி."
அந்தப் பக்கம்
பனி நொறுங்கும் சத்தம், நெடுநேரம்.
"இங்கேயும்" என்றது
ஹான்.