சிவப்புக் கைப்பிடி

தார்த்து நகரச் சந்தையில்
அர்வோ ஐந்து கத்திகளை எடுத்துப் போட்டார்.
ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன்,
வெட்டுகிறவளாக அல்ல, சீவுகிறவளாக:
அலகு என் பக்கம் திரும்பியிருக்க
கட்டைவிரல் எதிரே காத்திருக்க.

முதலாவது நீளம்.
கிழங்கின் கண்ணைத் தோண்டும்போது
மிச்ச நீளம் மணிக்கட்டைத்தான் தேடும்.
அடுத்தது தடிப்பு. சீவாது, பிளக்கும்.
மரப்பிடி போட்டது அழகு.
ஆமாம், அழகு. திருப்பி வைத்தேன்.

"இதுவா?" என்றார் அர்வோ.
பிளாஸ்டிக் பிடி, மிளகாய்ப் பழச் சிவப்பு, நான்கு யூரோ.
"பொம்மை மாதிரி இருக்கிறதே."

அவருக்கு என்ன தெரியும்?
போன அக்டோபரில் மூன்று வாளி ஆன்டோனோவ்கா ஆப்பிள்.
ஹெல்துர் சீவச் சீவ நான் ஜாம் கிளறினேன்.
சுருள் சுருளாய்த் தோல் விழுந்து
மேஜைமேல் விரித்த செய்தித்தாளே மறைந்துபோனது.
பேச்சு எங்கெங்கோ சுற்றி
அவர் தங்கை வாங்கிய கடனில் வந்து முட்டியது.
விருட்டென்று எழுந்தார்,
தாளை நான்கு முனையும் கூட்டி அள்ளி
எருக்குழியில் கொட்டிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து கத்தியைக் காணோம்.
"நீதான் எங்கேயோ வைத்தாய்."
நான்தான் என்று நானும் நம்பினேன், குளிர்காலம் முழுக்க.
இழுப்பறையைக் கவிழ்த்தேன்,
அடுப்புக்குப் பின்னால் துழாவினேன்,
ரொட்டிக் கத்தியால் பூண்டு உரித்து
விரலுக்கு இரண்டு கட்டு.
பெரிய கத்திக்குச் சின்ன வேலை கொடுத்தால்
அதற்கும் கோபம் வருகிறது.

ஏப்ரலில் பனி இளகி
பீட்ரூட் பாத்திக்கு எரு அள்ளும்போது
மண்வெட்டியில் ணங்கென்றது.
மரப்பிடி ஊறிக் கறுத்து
மண் எது, அது எது என்று தெரியவில்லை.
அலகெல்லாம் துரு. துருவின்மேல் ஒரு மண்புழு.

ஹெல்துர் நெடுநேரம் பார்த்தார்.
மன்னித்துக்கொள் என்பது அவர் வாயில் வராது.
சாணைக்கல்லை நனைத்து உட்கார்ந்தார்,
இருட்டும்வரை.
அலகு வெளுத்தது. பிடி கையோடு கழன்று வந்தது.

அதனால்தான் அர்வோ, சிவப்பு.
தோலோடு தோலாய்ப் போகாத நிறம்.

முதல் உருளைக்கிழங்கை அவரே சீவினார்.
அவ்வளவு மெல்லிசு, தோலில் வெளிச்சம் ஊடுருவியது.
கத்தியைக் கழுவித் துடைத்து
சன்னல் விளிம்பில் வைத்தார்.
பிறகு தாளைக் கூட்டப் போனவர்
நின்று, குவியலுக்குள் விரலை விட்டு
ஒரு தடவை துழாவினார்,

சிவப்பு கண்ணெதிரே இருக்கும்போதே.