மூன்று ரூவாப் பாட்டு

திங்கள் நூறு ரூவா ரீலோட் போட்டது.
வியாழன் அசருக்கு முன்னம் மிச்சம் பன்னிரண்டு.
கல்முனை பஸ் ஸ்டாண்ட் எதிரில் நிஃப்ராஸின் கடை.
"இத ஆர் தம்பி தின்டது?"

ஓஃப் பண்ணி ஓன் பண்ணினான்;
எல்லா நோவுக்கும் அதுதான் அவன் முதல் மருந்து.
பிறகு நட்சத்திரம், நம்பர்கள்.
சிங்களத்தில் வந்த மெசேஜை வாய்க்குள் வாசித்து,
"பாட்டு ஒண்டு போட்டு வெச்சிரிக்கீங்க ராத்தா.
கோல் எடுக்கிற ஆக்களுக்குக் கேக்கும்.
நாளுக்கு மூணு ரூவா."

போட்டது நானில்லை.
ஏதோ ஒரு பட்டனை
மாவு பிசைந்த விரல் அழுத்தியிருக்கும்.
வெட்டச் சொன்னேன்.

மற்றதெல்லாம் நான் பேசினதுதானாம்.
அறுபது செக்கன் தாண்டினால் ரெண்டு நிமிசக் காசு.
கணக்கைக் காட்டினான், எல்லாம் ஒரே அக்கரைப்பற்று நம்பர்:
அறுபத்தொன்று, அறுபத்துமூன்று, மறுபடி அறுபத்தொன்று.
"வைக்கட்டா" என்றபின்தான் ஹிதாயா
முக்கியமானதைத் தொடங்குவாள்.

சந்தைக்குள் நுழையுமுன் அவளே அடித்தாள்.
"எங்கடி அந்தப் பாட்டு?
நீ ஆன்ஸர் பண்ணாட்டியும் பரவாயில்லெண்டு
அதக் கேக்கத்தானே சும்மா சும்மா அடிச்சன்!"

திரும்பிப் பார்த்தேன்.
தொழுகைக்கு ஷட்டரை
பாதி இறக்கியிருந்தான் நிஃப்ராஸ்.