பழகின கோழி

ராத்திரி இரண்டரைக்கு ஜீப் வரும்.
அதற்கு முன்னால் ஒரு தடவை
கூண்டுக்குள் கை விட்டுப் பார்ப்பேன்.
டார்ச் அடிப்பதில்லை.
இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது,
கை தெரியும்.

மரநாயின் கை என்றால்
பாலாடா முழுக்கக் கேட்கும் அலறல்.
என் கை என்றால்
தொண்டைக்குள்ளேயே ஓர் உருட்டல்,
புரண்டு படுக்கிற பிள்ளை
தூக்கத்தில் "ம்" என்பதுபோல.
ஐந்து சூட்டையும் தொட்டு எண்ணிவிட்டுக்
கதவைக் கொக்கியிட்டுப் போவேன்.

புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி.
கேரட் பிடுங்குகிற விரல்கள்
நாலு மணிக்கு மேல் என்னுடையவை அல்ல,
யாரோ இரவல் தந்தவை.

பதினோரு மணிக்குத் திரும்புவேன்.
கேத்தி ஸ்டேஷன் வளைவில் இறங்கும்போதே
லைன் வீட்டுக் கோடியிலிருந்து
பாவாடையைத் தூக்கிப் பிடித்த பெண்போல
ஓடி வரும் மேஸ்திரி.
மகன் ஜெயசீலன் வைத்த பெயர்.
கையைப் பின்னால் கட்டின நடை,
தலையைச் சாய்த்துச் சாய்த்து
எல்லோர் வேலையையும் பார்க்கும்,
ஒன்றும் செய்யாது.

படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள்
மடியில் ஏறிவிடும்.
ஸ்வெட்டரில் மிச்சமிருக்கிற ஒரே பொத்தானை
இரண்டு கொத்து.
தின்னக்கூடியதா என்று
தினமும் புதிதாய்ச் சந்தேகம் அதற்கு.
பிறகு என் அக்குளுக்குள் தலை.
அதன் இறக்கைக்கு அடியில் என் கை.
காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சூடு.
சுண்டுவிரல்தான் முதலில் எனக்குத் திரும்பி வரும்.

கோழி கண் மூடுவதைக்
கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா?
மேல் இமை இறங்காது.
கீழ் இமை ஏறும்,
பள்ளத்திலிருந்து மூட்டம்
வீட்டு வாசலுக்கு ஏறுகிற மாதிரி.

போன ஜூனில் இதே மடியில் செம்பி இருந்தது.
காட்டேரி ஓட்டல் தர்மலிங்கம்
நானூற்றைம்பது சொன்னார்.
பள்ளிக்கூடத்தில் கடைசித் தேதி திங்கட்கிழமை.
மற்றவற்றைப் பிடிக்க
முள்ளங்கிப் பாத்தி மிதிபட ஓட வேண்டும்.
செம்பியை
"பா பா" என்றேன்.
வந்தது.
ஏறி உட்கார்ந்தது.
காலைக் கட்டும்போது
என் வளையலைக் கொத்திக்கொண்டிருந்தது.
பையில் போட்டேன், கத்தவில்லை.
பைக்கு வெளியே
என் கை இருந்தது அல்லவா.

வண்டி போன பிறகு நோட்டுகளை எண்ணினேன்.
சரியாக இருந்தது.
மறுபடி எண்ணினேன்.
அப்போதும் சரியாகவே இருந்தது.

பிள்ளையிடம் கீரி என்று சொன்னேன்.
மூன்று நாள்
கீரிக்காகக் கல் பொறுக்கினான் ஜெயசீலன்.
அந்தக் கற்கள் இன்னும் ஜன்னலில் இருக்கின்றன.

நேற்று தர்மலிங்கம் மறுபடி வந்தார்.
மேஸ்திரியின் முதுகைத் தடவிப் பார்த்தார்.
"பழகின கோழி, இமெல்டா,
பிடிக்கிற வேலையே இல்லை."
முட்டை போடுகிறது என்றேன்.
மூன்று மாதமாய் இல்லை.
அறுநூறு என்றார்.
தூங்குகிறது, இப்போது எழுந்திருக்க முடியாது
என்றேன்.
பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா தூங்குகிற மாதிரிச்
சொல்கிறாயே என்று சிரித்தார்.
கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருவாராம்.

வந்தால் என்ன சொல்வேன் என்று
தெரிந்தவள்போல் எழுத வரவில்லை.
ரேஷன் கடைப் பாக்கி இல்லை,
மளிகைக் கடைப் பாக்கி இருக்கிறது.
பையனுக்கு ஷூ கிழிந்திருக்கிறது.

இன்று ராத்திரியும் கை விட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
ஐந்தாவது
தூக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்து
என் கைக்கு இடம் விட்டது.

வெளியே ஜீப்
இரண்டாம் தடவை ஹாரன் அடித்தாயிற்று.
கையை எடுக்க வேண்டும்.